செம்போத்துக்குக் காப்புக் கட்டிய ஊர்

ஆவாரங்காட்டுப்புதூர் மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட அன்று, நட்ட அதே நேரத்தில் லாரியில் வந்து இறங்கிய பந்தயக் காரின் ஸ்டீயரிங்கில் பூசாரி ஆறுக்குட்டி ஏதோ ஞாபகத்தில் காப்புக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கார் ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை, தாண்டாமலே சூலூர் போயிற்று, பழனி போயிற்று, கடைசியில் கடலையும் பார்த்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊர் பிறந்த இடத்திலேயே நிற்கிறது, அவர்களுக்கு என்ன தெரியும்.

காருக்குச் சொந்தக்காரி தவமணி. வயது நாற்பத்திரண்டு, பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அந்த வேனுக்குள் ஒரு கருவியைப் பூட்டியிருந்தார்கள், எவ்வளவு மிதித்தாலும் நாற்பதில் வந்து முனகி நிற்கும். பத்தொன்பது வருஷமாக ஏமாந்த அந்த வலது காலோடுதான் அவள் தூங்கினாள், எழுந்தாள், கோயிலைச் சுற்றினாள். அவள் வீட்டு ஆட்டுப்பட்டியில் ஒரு பழைய வண்டி கிடந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மில் மெக்கானிக் தன் கையாலேயே செய்து, பழைய விமான ஓடுதளத்துப் பந்தயங்களில் சீமைக் கார்களையெல்லாம் பின்னால் விட்டு வந்த செம்போத்து என்கிற கார் அதுதான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது, அதன் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. எப்படியோ மோப்பம் பிடித்து வந்த ஒரு கம்பெனிக்காரர்கள், கோழிகளை மரியாதையாக இறக்கிவிட்டு, மூன்று நாள் அளவெடுத்து, இதே சாயலில் இருபத்தொரு புதுக் கார் செய்யப்போகிறோம், இருபத்திரண்டாவது என்ற பேச்சே கிடையாது, பழையதைக் கொடுத்தால் உங்களுக்குப் பணம் வேண்டுமா, புதுசில் ஒன்று வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் தவமணி "காரு" என்றாள்.

பதினான்காம் எண் கார் அவளுக்கு வந்தது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்த நிறம், ஒரே சீட்டு, ஆறு கியர். கதவு கிடையாது, கூரை கிடையாது, விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ஹாரன்கூடக் கிடையாது. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை, பந்தயத் தளத்தில் மட்டும்தான் ஓட்டலாம். ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சென்னைக்குப் பக்கத்தில் உள்ள தளத்தில் இருபத்தொரு செம்போத்தும் சேர்ந்து முதலும் கடைசியுமாக ஒரே ஓட்டம் ஓட வேண்டும், அதற்கு வராத கார் திரும்பவும் கம்பெனிக்கே போய், காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அவள் காரை வாங்கினாள். வாழ்க்கையில் ஒரு தடவை ஆறாவது கியரைத் தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நடந்த தப்பு சின்னது. கம்பம் நட்டால் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றுத் தட்டோடு ஆறுக்குட்டி கோயில் வாசலில் நிற்கையில் கார் இறங்கியது, புது வண்டிக்குப் பூசை போடுங்கள் என்று தவமணி அவசரப்படுத்தினாள், அவரும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அதே வேகத்தில் தட்டில் இருந்த கயிற்றை எடுத்து ஸ்டீயரிங்கில் கட்டி, "கம்பம் எடுக்கற வரைக்கும் எல்லை தாண்ட மாட்டேன்னு சொல்லு" என்று பழக்க தோஷத்தில் கேட்டும்விட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது உம் என்றது.

மறுநாள் காலை ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று தவமணி காரை வடக்கு எல்லைக்கல் வரை ஓட்டிப் போனாள். கல் பத்தடி முன்னால் நின்றது. இன்னும் கொஞ்சம் போனாள், அப்போதும் கல் பத்தடி முன்னால் நின்றது. இரண்டாம் கியர் போட்டாள், கல் அவளுக்கு முன்னால் புழுதி கிளப்பாமல் போய்க்கொண்டே இருந்தது, திரும்பிப் பார்த்தால் கோயில் வந்துகொண்டிருந்தது, தண்ணீர்த் தொட்டி வந்துகொண்டிருந்தது, மேலவீதியும் கீழவீதியும் நானூற்றுப் பன்னிரண்டு வீடும் தென்னந்தோப்பும் காடு கரையும் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தன. அவள் பயந்து நிறுத்தியபோது ஊர் சூலூருக்குப் பக்கத்தில் நின்றது. தோசை மாவு விற்கிற சுலோச்சனா கரண்டியும் கையுமாகக் கடையைவிட்டு வெளியே வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏன் தவமணி, நம்மூரு சூலூருக்கு வந்திருச்சாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா."

"அப்ப அஞ்சு நிமிசம் நில்லு சாமி. இங்க மீனு நல்லா இருக்கும், வாங்கிட்டு வந்தர்றேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அஞ்சு நிமிஷம் என்று போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், அவளோடு போன இருபது பேரும் அப்படியே வந்தார்கள். அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று ஊரை ஓட்டச் சொன்னார்கள், அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு ஊரோடு போய் மண்டபத்துக்கு எதிரிலேயே நிறுத்திக்கொண்டு, சாப்பிட்டு அவரவர் வீட்டிலேயே படுத்துத் தூங்கினார்கள், மழை இல்லை என்றால் மழை பெய்கிற பக்கமாகப் போய்க் கம்பு விதைத்த காட்டை நனைத்துக்கொண்டு வந்தார்கள், வெயில் ஏறினால் மலையடிவாரத்துக்குப் போகச் சொன்னார்கள், கிருத்திகைக்குப் பழனிக்குப் போனபோது பாதயாத்திரை நேர்ந்துகொண்டவர்கள்கூட வீட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்து கணக்கைச் சரிக்கட்டினார்கள். வழியில் இருந்த ஊர்கள் பஸ் சீட்டில் ஆள் வந்தால் நகர்ந்து உட்காருவதுபோலக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டன. போலீஸ்காரர்கள் நிறுத்தி நம்பர் பிளேட் எங்கே என்று கேட்டார்கள், கார் எங்கள் ஊர்த் தெருவைவிட்டு ஒரு அடி வெளியே வரவில்லையே சார் என்று ஊரே பதில் சொன்னது, அவர்களும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டார்கள்.

எல்லாருக்கும் சௌகரியமாகப் போயிற்று, ஓட்டுகிறவளைத் தவிர.

முதல் மாதமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். சுலோச்சனா எழுந்து, மூன்றாவது கியர் போட்டால் மாவு பக்கெட்டு தளும்புது, தொட்டில் குழந்தை வீறிடுது, இரண்டாவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள், ஊரே கை தூக்கியது. மூன்றாவதைத் தொட்டால் தப்பு வைத்து அபராதம் வாங்குவோம் என்று தீர்மானம் எழுதினார்கள். இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த கார் இருபதில் போனது. அதற்கும் மேலே, எங்கே போனாலும் முன்னால் ஒரு கை நீளும், தவமணி நில்லு, கறிவேப்பிலை பறிச்சுக்கறேன், தவமணி நில்லு, எம்மாடு வெளிய நிக்குது, தவமணி கொஞ்சம் பின்னால எடு, நிழலு என் காயப்போட்ட மிளகாய் மேல விழுகுது. ஹாரன் அடித்துத் தொலைக்கலாம் என்றால் ஹாரன் இல்லை. வேனிலாவது நாற்பது போனோமே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள், ஹெல்மெட்டுக்குள் அவள் என்ன திட்டுகிறாள் என்று வெளியே கேட்காதது ஊருக்கு நல்லதாகப் போயிற்று.

பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கம்பம் பிடுங்குவதற்கு முன்னால் முதல் மரியாதை செய்ய வேண்டும், அது மேலவீதி நாச்சிமுத்துவுக்கா கீழவீதி அய்யாசாமிக்கா என்ற சண்டை வருஷா வருஷம் வரும், மூன்று நாள் முறைத்துக்கொண்டு நாலாம் நாள் யாராவது ஒருவர் இறங்கி வருவார். இந்த வருஷம் இரண்டு பேரும் இறங்கவில்லை, இறங்குங்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. தவமணி போய் நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணா, இந்த ஒரு வருசம் விட்டுக் குடுங்க. எனக்கு ஆடி பொறக்கறதுக்குள்ள காப்ப அவுக்கோணும்."

"நான் உட்டுக் குடுக்கறதுல ஒண்ணுமில்ல அம்மிணி. அய்யாசாமி என்ன நெனப்பான்?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் ஈரோட்டுல ஒரு எழவு விசாரிக்கோணும். அது முடிஞ்சு பாக்கலாம்" என்றார்.

அய்யாசாமியும் இதையேதான் சொன்னார், அவருக்கு ஈரோட்டுக்குப் பதில் ஒட்டன்சத்திரம். பூசாரி ஆறுக்குட்டியிடம் போனால், "கட்டுனது நானு, அவுக்கறது ஆத்தா. மரியாதை முடியாம கம்பத்தத் தொட்டா ஊருல அம்மை போடும்" என்று கையை விரித்தார். ஒரு நாள் மத்தியானம் தவமணியே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். கயிற்றுக்கு அடியில் கத்தரியைக் கொடுத்தும்விட்டாள். அப்போது தன் வேனில் ஏறுகிற இருபத்தாறு குழந்தைகளும் முகமெல்லாம் கொப்புளத்தோடு வரிசையாக உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது, கை வரவில்லை. கத்தரியை எறிந்துவிட்டு, "எல்லாரும் நாசமாப் போங்க" என்று சத்தமாகவே அழுதாள். அந்த வழியாக வந்த ஒருவர், அழுது முடித்ததும் அரிசி மில் பக்கமாக ஒரு நடை போகலாமா என்று கேட்டார்.

ஆனி முடியப்போகிற சமயத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஊரை நிற்க வைத்துக் கெஞ்சிப் பிரயோசனம் இல்லை, ஆசை காட்டி இழுத்துப் போக வேண்டும். "கடல் பாக்கலாமா?" என்று அவள் கேட்டாள். புதூரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள், இரண்டாம் கியரிலேயே சேலம், இரண்டாம் கியரிலேயே உளுந்தூர்பேட்டை, சுங்கச் சாவடிக்காரர் கட்டணப் பலகையை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்து, ஊருக்கு என்று தனியாக ஒன்றும் போடாததால் கட்டையைத் தூக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவாரங்காட்டுப்புதூர் கோவளம் கடற்கரையில் போய் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தளத்துக்கு இரண்டாம் கியரிலேயே மூன்று மணி நேரம், நேரம் தாராளமாக இருக்கிறது என்று தவமணி கணக்குப் போட்டாள், அங்கேதான் அவள் தன் ஊரைச் சரியாக எடை போடாமல் விட்டாள்.

ஏனென்றால் கடலைப் பார்த்தவர்கள் கடலைவிட்டு வரவில்லை. சனிக்கிழமை முழுக்கக் குளித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு இதோ என்றார்கள், ஒன்பதுக்கு இன்னும் ஒரே ஒரு அலை என்றார்கள், நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் சின்னப்பிள்ளைபோல நின்றார், சுலோச்சனா ஊறின அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டேன், ஆட்டி முடிக்கட்டும் என்றாள். பத்து மணிக்குத் தவமணி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"பத்தொம்பது வருசம் உங்க புள்ளைகள நாப்பதுல கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்தேன்," என்று அவள் கத்தினாள். "ஒரு நாள் லீவு கேட்டனா? இந்த மூணு மாசம் உங்க மீனுக்கும் மிளகாய்க்கும் நின்னேன். எனக்குன்னு இன்னைக்கு ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. அதுக்கும் கை காட்டுறீங்களே, நீங்கெல்லாம் மனுசங்களா?"

எல்லாரும் கரையேறினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஏறியவர்களில் பாதிப் பேர் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. முதல் கியர், இரண்டாவது, தீர்மானம் எழுதித் தடுத்த மூன்றாவது, அதைத் தாண்டி நான்காவது, ஐந்தாவது. ஊர் அலறியது. கொடியில் காய்ந்த துணிகள் கிழக்கே நீட்டி நின்றன, தண்ணீர்த் தொட்டி தளும்பித் தெருவில் கொட்டியது, கோழிகள் சேவல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டன, சுலோச்சனாவின் மூன்று பக்கெட்டு மாவும் அவள் தலையிலேயே கவிழ்ந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் தவமணி ஆறாவது கியரைப் போட்டாள். அப்போது அலறல் நின்றது. அடிவயிற்றில் ஏதோ மெல்லத் தூக்கி வைப்பதுபோல எல்லாருக்கும் இருந்தது, கோயில் வாசலில் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்த அய்யாசாமி மட்டும், "இன்னும், இன்னும்" என்றார். ஆசைப்பட்ட ஆறாவது கியர் வந்துவிட்டது, ஆனாலும் தவமணிக்குச் சந்தோஷமாக இல்லை. பத்தடி முன்னால் அந்தக் கல் போய்க்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தளத்தின் வாசலுக்கு வந்தார்கள். கம்பெனிப் பையன் ஷ்ரேயஸ் அட்டையும் பேனாவுமாக ஓடி வந்தான்.

"மேடம், கார் மட்டும்தான் உள்ள வரலாம். ஊரைப் பார்க்கிங்ல விட்டுடுங்க."

"விட முடிஞ்சா நான் ஏந் தம்பி இப்படி வர்றேன்?"

அவன் ஒப்பந்தத்தைப் புரட்டினான். ஊரோடு வரக் கூடாது என்று எங்கேயும் இல்லை. உள்ளே விட்டான்.

பத்துச் சுற்று. மற்ற இருபது செம்போத்துகளும் முன்னால் சீறிக்கொண்டு போயின, பதினான்காம் எண் கடைசியில், கோயிலும் தோப்புமாக. ஆனால் இருபத்தாறு குழந்தைகளையும் அவர்கள் தண்ணீர் பாட்டில்களையும் ஒன்றுகூடச் சாயாமல் பத்தொன்பது வருஷம் வளைவில் திருப்பியவள் அவள், மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தில் அவள் பிடிக்கவில்லை. ஊரைக் கண்டு இரண்டு பேர் ஒதுங்கினார்கள், மற்றவர்களை அவள் நியாயமாகவே முந்தினாள், பத்தாவது சுற்றில் கடைசி வளைவில் இருபதாவது காரும் பின்னால் போனது. முன்னால் ஒருவரும் இல்லை. கல் மட்டும் இருந்தது. அது பத்தடி முன்னால் போய்க் கோட்டைத் தாண்டியது, அதற்குப் பின்னால் அவள் தாண்டினாள்.

நேரம் குறிக்கிறவர் வளைந்து கொடுக்காத மனிதர். முதலில் வந்ததை முதலில் எழுதினார். முதலிடம், ஆவாரங்காட்டுப்புதூர் வடக்கு எல்லைக்கல். இரண்டாமிடம், தவமணி.

தவமணி இறங்கி வந்து அந்தக் கல்லை ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. சொந்த ஊரிடம் தோற்றுப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோப்பையைக் கல்லின் மேல் வைத்தார்கள். அப்போது நாச்சிமுத்து அய்யாசாமியைப் பார்த்தார், அய்யாசாமி நாச்சிமுத்துவைப் பார்த்தார், நேரம் குறிக்கிறவரே எழுதி நிரூபித்தாகிவிட்டது, முதலில் வந்தது அவனும் இல்லை, இவனும் இல்லை. அந்தத் திருப்தியில் இருவரும் சேர்ந்தே பரிவட்டத்தை எடுத்து வந்து கல்லுக்குக் கட்டினார்கள். முதல் மரியாதை முடிந்தது. இனிக் கம்பத்தைப் பிடுங்க ஒரு தடையும் இல்லை.

"செரி, ஊருக்குப் போயி புடுங்கிக்கலாம்," என்றார் ஆறுக்குட்டி. ஊரும் தலையாட்டியது.

"ஊருக்குப் போயா?" தவமணி எழுந்தாள். "அங்க போயி அவுத்தா இந்தக் காரு மறுபடியும் ஆட்டுப்பட்டியிலதான் நிக்கும். ரோட்டுல எறக்க முடியாது, லாரி வெச்சுத் திருப்பி இங்க கொண்டாந்தாலும் இன்னொரு ஓட்டம் கெடையாது. எனக்கு ஒரு சுத்து வேணும். தனியா. முன்னால கல்லு இல்லாம, பின்னால நீங்க இல்லாம."

ஊரே திரும்பிச் சுற்றிலும் பார்த்தது. இங்கே பிடுங்கினால் ஊர் இங்கேயே நின்றுவிடும், இந்த முள்ளுக்காட்டில், இந்த வெயிலில். "சிறுவாணித் தண்ணி?" என்று நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். "சொந்தபந்தமெல்லாம் அங்கயே கெடக்குதே" என்றார் வேறொருவர். எல்லாரும் சுலோச்சனாவைப் பார்த்தார்கள், இரண்டாம் கியர்த் தீர்மானம் கொண்டுவந்தவள் அவள்தானே, ஒன்று சொல்வாள் என்று. அவள் தலையிலும் சேலையிலும் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது, ஆறாவது கியரிலிருந்து அவள் அதைத் துடைக்கவே இல்லை.

"புடுங்குங்க பூசாரி," என்றாள் சுலோச்சனா. "மாவு இங்கயும் புளிக்கும்."

கம்பத்தைப் பிடுங்கிக் கோயில் கிணற்றில் விட்டார்கள். ஆறுக்குட்டி வந்து ஸ்டீயரிங்கிலிருந்த காப்பை அவிழ்த்தார். ஷ்ரேயஸ் ஒரே ஒரு சுற்று என்று விரலைக் காட்டினான், தவமணி காரை எடுத்தாள், பத்தடி போனாள், இருபதடி போனாள், கல் நின்ற இடத்திலேயே நின்று பின்னால் போய்விட்டது. முன்னால் வெறும் தார் இருந்தது. முதல் வளைவில், சுலோச்சனா கடைக்கு எதிரே இருக்கிற வேகத்தடைக்காக அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை, அவள் தன் காலையே திட்டிக்கொண்டு மிதித்தாள். நேர்ப்பாதையில் ஆறாவது கியர் விழுந்தபோது அவள் வாய்விட்டுக் கத்தினாள், பத்தொன்பது வருஷத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

சுற்றி வரும்போது அவள் தன் ஊரைப் பார்த்தாள். தளத்தின் ஓரத்தில், இனி நகராத எல்லையை ஒட்டி, நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுச் சனமும் வரிசையாக நின்றது. பழக்கத்தில் கை நீண்டுவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் தங்கள் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போனாள், ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் மறைத்தது, ஷ்ரேயஸ் காட்டிய கொடியையும் சேர்த்துத் தாண்டிப் போனாள். அடுத்த சுற்றிலும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.